ப்ளீஸ்: எங்கே போடணும், எங்கே போட்டால் கெஞ்சல், எங்கிருந்து வந்தது?

காகிதப்பூ கேட்டது:

ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' போடுவது பற்றிச் சில சந்தேகங்கள். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

1. வாக்கியத்தின் முதலில், நடுவில், கடைசியில் என்று இடம் மாறினால் தொனி மாறுமா? கமா எங்கே வரும்?

2. 'ப்ளீஸ்', 'கைண்ட்லி' இரண்டும் ஒன்றுதானா? எங்கள் ஆபீசில் 'ப்ளீஸ் கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' வரை போகிறது. அமெரிக்க கிளையன்ட்டுக்கு மட்டும் 'கைண்ட்லி' எழுத வேண்டாம் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

3. அகராதியில் 'ப்ளீஸ்' என்றால் மகிழ்வி, திருப்திப்படுத்து என்று இருக்கிறது. அதற்கும் 'தயவு செய்து' என்பதற்கும் என்ன உறவு?

4. தமிழ்ப் பேச்சில் 'ப்ளீஸ்டா, ப்ளீஸ்' என்றால் சுத்தமான கெஞ்சல். இங்கிலாந்துக்காரர் ஒரு காபி வாங்கவும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். அவர் காதில் அது எப்படி விழுகிறது?

---

வேர்பிடிப்பவன்:

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்தால் நாலாவதில் பாதி தானாகப் புரியும்.

மூலம் லத்தீன் 'ப்ளாகேரே'. பிடித்திருத்தல், உவப்பாக இருத்தல் என்று பொருள். பழைய ஃபிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகப் புழங்க ஆரம்பித்தது. 'ப்ளெசன்ட்', 'ப்ளெஷர்' எல்லாம் கூடப் பிறந்தவை. மருந்துச் சோதனையில் கொடுக்கிற 'ப்ளாசிபோ' மாத்திரையும் இந்தக் குடும்பம்தான். லத்தீனில் 'நான் உவப்பளிப்பேன்' என்று அர்த்தம். நம் ஊர் கோர்ட்டில் இருக்கிற 'கவர்ன்மென்ட் ப்ளீடர்' ஒன்றுவிட்ட சொந்தம். 'உவந்து முடிவு செய்தது' என்ற பொருளில் லத்தீனில் 'ப்ளாகிதும்' என்று ஒரு சொல். அது தீர்ப்பாகி, வழக்காகி, முறையீடு, மன்றாட்டு என்ற பொருளுள்ள 'ப்ளீ' ஆனது. 'ப்ளீஸ்', 'ப்ளீ' இரண்டும் ஒலியில் ஒட்டி இருப்பது தற்செயல் இல்லை. ஆனால் 'ப்ளீஸ்' என்பது 'ப்ளீ'யிலிருந்து பிறந்ததும் இல்லை. மன்றாடுகிற பொருள் அதன் வேரில் கிடையாது.

இனி இலக்கணம். தமிழ் தெரிந்தவருக்கு இது ஆங்கிலேயரைவிடச் சுலபமாகப் பிடிபடும். நாம் 'எனக்குப் பிடிக்கிறது' என்கிறோம். 'நான்' வரவில்லை, 'எனக்கு' வருகிறது. பழைய ஆங்கிலமும் அப்படித்தான்: 'இட் ப்ளீஸத் மீ', எனக்கு அது உவப்பு. 'இஃப் இட் ப்ளீஸ் யூ' என்றால் 'உங்களுக்கு உவப்பானால்'. அதில் 'யூ' என்பது 'நீங்கள்' இல்லை, 'உங்களுக்கு'. காலப்போக்கில் ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் தேய்ந்துபோனதால், கேட்பவர்கள் 'யூ'வை எழுவாயாக எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் 'இஃப் யூ ப்ளீஸ்', 'டூ ஆஸ் யூ ப்ளீஸ்' எல்லாம் வந்தன. 'லைக்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான்: 'மீ லைக்கத்' என்று இருந்தது 'ஐ லைக்' ஆகிவிட்டது.

'மே இட் ப்ளீஸ் யூ டு சிட்' என்ற நீளம் படிப்படியாகச் சுருங்கி, 17ஆம் நூற்றாண்டில் ஏவலோடு தனியாக நிற்கிற 'ப்ளீஸ்' தலைகாட்டுகிறது. முழு வடிவம் இன்னும் ஓரிடத்தில் உயிரோடு இருக்கிறது: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதத்தைத் தொடங்கும் வழக்கறிஞர் 'மே இட் ப்ளீஸ் த கோர்ட்' என்றுதான் ஆரம்பிப்பார். ஃபிரெஞ்சின் 'சில் வூ ப்ளே', டச்சின் 'அல்ஸ்டுப்லீஃப்ட்' இரண்டும் இதே அச்சு, 'உங்களுக்கு உவப்பானால்'. ரிசப்ஷன் கார்டில் அடிக்கிற ஆர்.எஸ்.வி.பி.யின் கடைசி மூன்று எழுத்தும் அந்த 'சில் வூ ப்ளே'தான். ஆகவே 'ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.' என்றால் ப்ளீஸ் இரண்டு முறை.

இதற்கு முன் அந்த வேலையைச் செய்தது 'ப்ரே'. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'ஐ ப்ரே யூ', 'ப்ரிதீ' என்பவைதான் சகஜம். 'ப்ரிதீ' என்பது 'ப்ரே தீ' என்பதன் சேர்க்கை. 18ஆம் நூற்றாண்டிலும் 'ப்ரே' தாராளமாகப் புழங்கியது. பிறகு தேய்ந்து, 19ஆம் நூற்றாண்டில் 'ப்ளீஸ்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கவனியுங்கள்: 'ப்ரே' என்பது பேசுகிறவர் பக்கம், 'நான் வேண்டுகிறேன்'. 'ப்ளீஸ்' கேட்கிறவர் பக்கம், 'உங்களுக்கு இஷ்டமானால்'. கெஞ்சல் போய், ஒப்புக்கு ஒரு விருப்பத்தேர்வு வந்தது. 'ஒப்புக்கு' என்று சொல்லக் காரணம், இன்று 'ப்ளீஸ் பி சீட்டட்' என்றால் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

---

வன்னிக்காற்று (லண்டன்):

நாலாவதுக்கு மட்டும் சொல்லுறன். இங்க அது காதில கெஞ்சலா விழாது, விழுறதே இல்லை எண்டும் சொல்லலாம். சொல்லாமல் விட்டால்தான் விழும்.

கடையில 'எ காபி, ப்ளீஸ்'. காசு கேக்கிற ஆளும் 'ஃபோர் பவுண்ட்ஸ் ட்வென்டி, ப்ளீஸ்' எண்டுதான் கேப்பார். தன்ர காசை வாங்கிறதுக்கு ஆர் கெஞ்சுவினம்? தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டால் 'யெஸ்' எண்டு மட்டும் சொன்னால் வெட்டின மாதிரி இருக்கும், 'யெஸ், ப்ளீஸ்'. வேண்டாமெண்டால் 'நோ, தேங்க் யூ'. 'நோ, ப்ளீஸ்' எண்டு மறுக்கக்கூடாது, அது 'ஐயோ, வேண்டாம், விடுங்கோ' எண்டு தடுக்கிற மாதிரிப் போயிடும். பிள்ளை 'ப்ளீஸ்' சொல்லாமல் ஏதும் கேட்டால் பெரியாக்கள் 'வாட்ஸ் த மேஜிக் வேர்ட்?' எண்டு கேட்டு, அதைச் சொல்ல வைச்சுத்தான் குடுப்பினம்.

எங்கட ஆக்கள் புதுசா வந்தவுடன கடையில விடுறது இதைத்தான். தமிழில 'ஒரு தேத்தண்ணி தாங்கோ' எண்டால் அந்த 'ங்கோ'விலயே மரியாதை முடிஞ்சுது. ஆங்கில வினையில அப்பிடி ஒட்டிறதுக்கு ஒண்டும் இல்லை. 'கிவ் மீ எ டீ' எண்டு நேரா மாத்தினால் 'டேய், தா' எண்ட அளவுக்கு இறங்கும்.

---

வரிக்குவரி:

இடமும் கமாவும்.

முதலில்: 'ப்ளீஸ் சென்ட் த ஃபைல் பை ஃப்ரைடே.' கமா கூடாது. 'ப்ளீஸ், சென்ட் த ஃபைல்' என்று கமா போட்டால் அங்கே மூச்சு நின்று, காகிதப்பூ சொல்லும் அந்த 'ப்ளீஸ்டா' தொனி வந்துவிடும். நம்மவர்கள் தெரியாமல் கெஞ்சுவது பெரும்பாலும் இந்த ஒரு கமாவால்தான். முதலில் வரும் 'ப்ளீஸ்' நாகரிகமான உத்தரவு. படிவம், அறிவிப்பு, செய்முறைக் குறிப்பு ஆகியவற்றின் குரல். எதிராளி மறுப்பார் என்று இது எதிர்பார்க்கவே இல்லை. ஆகவே செய்ய வேண்டிய கடமை உள்ளவருக்கு எழுதலாம். உதவி கேட்கும் இடத்தில் கொஞ்சம் கறார்.

நடுவில்: 'குட் யூ ப்ளீஸ் சென்ட் த ஃபைல்?' கமா இல்லை. 'கேன் யூ', 'குட் யூ' என்று கேட்கும்போது உண்மையில் உங்களால் முடியுமா என்ற கேள்வியா, செய்யச் சொல்கிறாரா என்ற இரட்டைத்தன்மை இருக்கும். 'ப்ளீஸ்' போட்டவுடன் அது வேண்டுகோள்தான் என்று உறுதியாகிவிடும். எழுத்தில் இது பொதுவாகச் சாதாரணம். பேச்சில் ஜாக்கிரதை: 'குட் யூ *ப்ளீஸ்* க்ளோஸ் த டோர்' என்று அந்தச் சொல்லை அழுத்தினால் 'எத்தனை தடவை சொல்றது' என்று அர்த்தம்.

கடைசியில்: 'குட் யூ சென்ட் த ஃபைல், ப்ளீஸ்?' மூன்றில் மென்மையானது இதுதான். எழுத்தில் முன்னால் கமா வரும்.

எதிர்மறைக்கு 'ப்ளீஸ் டோன்ட்'. 'ப்ளீஸ் நாட் டு' என்று ஒன்று கிடையாது. 'ப்ளீஸ் டு சென்ட்' என்பது வேர்பிடிப்பவன் சொன்ன பழைய நீளத்தின் மிச்சம், இன்று பிழை.

இன்னொரு இடறல். கேட்பவர் கையில் இல்லாத விஷயத்துக்கும், முழுக்க அவருக்கே நன்மையான வாழ்த்துக்கும் 'ப்ளீஸ்' ஒட்டாது. 'ப்ளீஸ் கெட் வெல் சூன்', 'ப்ளீஸ் ஹேவ் எ நைஸ் ட்ரிப்' இரண்டும் தப்பு. அங்கே வெறும் ஏவலே மரியாதைதான்: 'ஹேவ் எ நைஸ் ட்ரிப்', 'ஹேவ் அனதர் ஸ்லைஸ்'. விருந்தாளியிடம் 'இன்னொண்ணு போட்டுக்கோங்க' என்று நாம் அதட்டுவது எந்த வகையோ, அதே வகை.

உச்சரிப்பும் ஒரு வரி: தமிழ் எழுத்து 'ஸ்' என்று காட்டினாலும் கடைசி ஒலி, மிருகக்காட்சிசாலையைக் குறிக்கிற 'ஜூ'வின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் சொல்கிற அந்த அதிர்வுள்ள ஒலி. அதிர்வில்லாமல் 'ஸ்' என்று வெட்டினால் 'ஈ'யும் குறுகி, 'ஃப்ளீஸ்' என்கிற ஆட்டுரோமச் சொல்லோடு எதுகை சேரும்.

---

மேசைமணி:

'கைண்ட்லி'யைப் பிழை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இலக்கணப்படி சரியான ஆங்கிலம். பிரச்சினை தொனியில்.

'கைண்ட்' என்ற சொல் 'இயல்பு, இனம்' என்ற பொருளிலிருந்து வந்தது, 'கின்' என்ற உறவுச்சொல்லோடு ஒட்டியது. தன் இனத்தாரிடம் இயல்பாக இருக்கும் பரிவு, அதிலிருந்து 'கனிவோடு'. 'பி ஸோ கைண்ட் ஆஸ் டு' என்பதன் சுருக்கம் போலத்தான் 'கைண்ட்லி சைன் ஹியர்' வேலை செய்கிறது. இந்தியாவில் இது 'ப்ளீஸ்' என்பதைவிட ஒரு படி அதிக மரியாதை. அரசு அலுவலகத்துக்கு, பள்ளி முதல்வருக்கு, வங்கிக்கு எழுதும்போது தாராளமாகப் போடலாம். படிப்பவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அன்றாடப் பேச்சில் அது அருகிவிட்டது. மிச்சமிருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று அறிவிப்புப் பலகை. மற்றது பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது: 'வுட் யூ கைண்ட்லி லோயர் யுவர் வாய்ஸ்?' ஆகவே 'கைண்ட்லி ரிப்ளை' என்று நீங்கள் பணிவாக எழுதுவது, மறுமுனையில் வாத்தியார் பிரம்பைத் தட்டுவது போல ஒலிக்கிறது. அமெரிக்காவில் கூடுதல் சங்கடம்: மோசடி மின்னஞ்சல்களில் இந்தச் சொல் அளவுக்கு மீறி வருவதால், முன்பின் தெரியாதவரிடமிருந்து 'கைண்ட்லி' வந்தாலே சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. உங்கள் ஆபீசில் வேண்டாம் என்பதற்குக் காரணம் இவை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

'யூ ஆர் கைண்ட்லி ரிக்வெஸ்டட்' என்ற தொடரைக் கவனித்தால் வேடிக்கை. அதில் கனிவு காட்டுகிறவர் கேட்கிறவரே: 'உங்களை நான் கனிவோடு கேட்டுக்கொள்கிறேன்'. தனக்குத்தானே சான்றிதழ். நம் ரயில் நிலையத்து 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' இந்த விஷயத்தில் நேர்மையானது, கனிவைப் பயணிகள் பக்கமே விட்டுவிட்டது.

'டூ த நீட்ஃபுல்' ஒரு காலத்தில் பிரிட்டனிலும் எழுதியதுதான், அங்கே வழக்கொழிந்தது, இங்கே தங்கிவிட்டது. அதன் உண்மையான குறை மரியாதை அல்ல, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் நழுவுவது. இதே ஆபீஸ் ஆங்கிலத்தில் 'பதில் எழுது' என்ற பொருளில் வருகிற 'ரிவர்ட்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலருக்குப் புரியாது. அங்கே அது பழைய நிலைக்குத் திரும்புவது.

---

காகிதப்பூ:

நன்றி எல்லோருக்கும். ஒரு முரண்: வன்னிக்காற்று அண்ணா சொல்வது போல எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும் என்றால், அமெரிக்கர்கள் கடையில் 'கேன் ஐ கெட் எ காபி?' என்று மொட்டையாகக் கேட்கிறார்களே?

---

அளவுகோல்:

முரண் இல்லை, இரண்டு வழக்கு. லின் மர்ஃபி, ரக்கேல் டி ஃபெலிசே என்ற மொழியியலாளர்கள் இரு நாட்டு அலுவலக மின்னஞ்சல்களையும் ஒப்பிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் வேண்டுகோளில் 'ப்ளீஸ்' சேர்ப்பது அமெரிக்கர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிரிட்டனில் அது வழக்கமான, சின்ன வேண்டுகோளின் முத்திரை. அமெரிக்காவில் அது பல நேரம் வேண்டுகோளின் கனத்தை ஏற்றும்: அவசரமோ, அதிகாரமோ, கெஞ்சலோ உள்ளே நுழையும். ஹோட்டலில் ஆர்டர் எடுப்பது பரிமாறுகிறவரின் வேலை, அதற்கு எதற்கு 'ப்ளீஸ்' என்பது அந்த ஊர்க் கணக்கு. பதிலுக்கு அங்கே 'தேங்க் யூ' தாராளம்.

வீட்டுப் பேச்சில் இன்னொரு திருப்பம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் இயல்பாகப் பழகும் வீடியோ பதிவுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேண்டுகோள்களை எடுத்துப் பார்த்தார்கள். 'ப்ளீஸ்' வந்தது 7 சதவீதத்தில்தான். வந்த இடங்களும் குறிப்பானவை: எதிராளி ஏற்கெனவே மறுத்திருப்பார், அல்லது வேறு வேலையில் மும்முரமாக இருப்பார். அதாவது தடை தெரிகிற இடத்தில். இது நம் 'ப்ளீஸ்டா'வுக்கு அடுத்த வீடு. எனவே தமிழ் வாயில் அந்தச் சொல் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். நாம் கடன் வாங்கியது அதன் வீட்டு முகத்தை. கடை முகத்தை வாங்கவில்லை. சின்னக் காரியத்துக்குத் தமிழில் 'கொஞ்சம்' இருக்கிறது: 'கொஞ்சம் நகருங்க', 'அதைக் கொஞ்சம் எடுங்களேன்'. லண்டன் கடையில் 'ப்ளீஸ்' செய்கிற வேலையை இங்கே அந்தக் 'கொஞ்சம்' செய்கிறது. 'தயவு செய்து' அறிவிப்புப் பலகைக்கும் மனுவுக்கும் உரியது, வாயில் வந்தால் ஒன்று கோபம், இல்லை கெஞ்சல்.

இதனால் வருகிற தவறு தலைகீழானது. சின்னதற்கு விட்டுவிடுகிறோம், பெரியதற்கு 'ப்ளீஸ், ப்ளீஸ்' என்று குவிக்கிறோம். பெரிய உதவிக்கு ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' போதாது, கூட்டினாலும் போதாது. அங்கே வாக்கியத்தையே மாற்ற வேண்டும்: 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்', 'வுட் யூ மைண்ட்', 'வுட் இட் பி பாசிபிள் டு'. மறுக்க வழி விட்டுக் கேட்பதுதான் அந்த மொழியில் பணிவு.

மென்பொருளுக்கு உதவிப்பக்கம் எழுதுகிறவர்களுக்கு: மைக்ரோசாஃப்ட், கூகுள் இரண்டின் எழுத்துநடைக் கையேடுகளும் சாதாரண வழிமுறையில் 'ப்ளீஸ்' வேண்டாம் என்கின்றன. 'க்ளிக் சேவ்' போதும். பயனருக்குச் சிரமம் கொடுக்கும்போது, அல்லது தப்பு மென்பொருளுடையது என்றால் போடலாம் என்கிறது மைக்ரோசாஃப்ட். மேலே சொன்ன 'தடை' என்பதோடு பொருந்துகிறது பாருங்கள்.

---

காகிதப்பூ:

கடைசியாக ஒன்று. இதைத் திருத்திக் காட்ட முடியுமா? 'ப்ளீஸ் ஃபைன்ட் அட்டாச்ட் த இன்வாய்ஸ். ஐ ரிக்வெஸ்ட் யூ டு ப்ளீஸ் கைண்ட்லி செக் த சேம் அண்ட் டூ த நீட்ஃபுல். ப்ளீஸ் ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்.'

---

மேசைமணி:

மூன்று வரியில் மூன்று 'ப்ளீஸ்', ஒரு 'கைண்ட்லி', ஒரு 'ரிக்வெஸ்ட்'. இத்தனை பணிவுக்கு நடுவே எந்த இன்வாய்ஸ், எதைச் சரிபார்க்க, எந்த நாளுக்குள் என்ற மூன்றும் காணோம்.

'ப்ளீஸ் ஃபைன்ட் அட்டாச்ட்' 19ஆம் நூற்றாண்டு வணிகக் கடிதத்து 'என்க்ளோஸ்ட் ப்ளீஸ் ஃபைன்ட்' என்பதன் பேரன். உறைக்குள் தேடவேண்டிய காலத்துச் சடங்கு. தப்பில்லை, தேவையும் இல்லை. 'ஐ ரிக்வெஸ்ட் யூ' இருந்தால் 'ப்ளீஸ்' வேண்டாம், 'ப்ளீஸ்' இருந்தால் 'கைண்ட்லி' வேண்டாம். 'த சேம்' என்பதற்கு 'இட்'.

இப்படி எழுதலாம்: 'த மே இன்வாய்ஸ் இஸ் அட்டாச்ட். குட் யூ ப்ளீஸ் செக் த டாக்ஸ் லைன் ஆன் பேஜ் 2 அண்ட் கன்ஃபர்ம் பை தர்ஸ்டே? இஃப் எனிதிங் லுக்ஸ் ராங், லெட் மி நோ.'

பிரிட்டிஷ் ஆளுக்கு அந்த ஒற்றை 'ப்ளீஸ்' இருக்கட்டும். அமெரிக்கருக்கு எடுத்துவிட்டாலும் குறையில்லை, 'குட் யூ' தாங்கிக்கொள்ளும். முடிவில் 'தேங்க்ஸ்' சேருங்கள். வியாழன் தாண்டியும் பதில் இல்லையென்றால் நினைவூட்டலில் 'ப்ளீஸ்' எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம், 'ஜஸ்ட் செக்கிங் வெதர் யூ ஹாட் எ சான்ஸ் டு லுக் அட் த மே இன்வாய்ஸ்' என்று ஒரு வரி போதும்.